பால்சா கிட் விமானம்: திருகோணமலைக் காற்றில் நீண்டநாள் பறக்கவிட்ட அனுபவம்

துண்டுகளாகப் பெட்டியில் வந்து நாமே ஒட்டிச் சேர்க்கவேண்டிய இந்த றிமோட் விமானக் கிட்டை வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் ஒட்டி முடித்த கையோடு வயலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கு இது சரிவராது.

லேசரில் வெட்டிய பால்சா என்ற இலேசான மரமும் பிளைவுட்டும்தான் உடம்பு. உடம்புக்கு மேலே இறக்கை, நுனிக்கு நுனி ஒன்றரை மீற்றர், எலெக்ட்ரிக் மோட்டர், 3 செல் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி. மரத்துண்டுகள் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்துகின்றன. கூட வரும் ஆணி, கம்பி, சில்லு எல்லாம் சுமார் ரகம்.

அமெரிக்காவில் ஆட்கள் வீட்டில் கட்டி ஓட்டும் நிஜ விமானங்களுக்குப் பெரும்பாலும் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு உண்டு. அதுவரை பயணி ஏற முடியாது. அப்படிப் படிப்படியாகச் சோதிக்கும் ஒழுங்கைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன்: ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் மட்டும்.

முதலில் பாரச்சமநிலை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்குப் போகும் தூரத்தில் கால்பங்கில் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்கவேண்டும். மூக்குப் பாரம் கொஞ்சம் கூடினால் மந்தமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் பாரமானால் கையில் நிற்காது. பிறகு விமானத்தின் பின்னால் நின்று, இறக்கையிலும் வாலிலும் றிமோட்டுக்கு அசையும் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். மருமகன் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மாமா, வலப்பக்கம் திருப்பினா வலத்தகடு கீழ இறங்குது.”

“அது மேல எழும்பவேணும்டா. பொறு, றிமோட்டில மாத்திவிடுறன்.”

தரையில் ஒரு நிமிட வேலை. வானத்தில் இதே கோளாறு என்றால் விமானம் விறகுதான்.

கிளிவெட்டிப் பக்கம் பெரும்போகம் வெட்டிய வயலில் பறந்தபோது, மோட்டரைக் கூட்டினால் மூக்கு வானத்தைப் பார்த்தது. பெட்டியில் வந்த குறிப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. மோட்டர் தாங்கியின் மேல் இரண்டு ஸ்குரூவுக்குப் பின்னால் மெல்லிய வாஷர் போட்டதும் மோட்டர் லேசாகக் கீழ்நோக்கித் திரும்பியது, பிரச்சினை தீர்ந்தது. அடுத்து ஸ்டோல் சோதனை, அதாவது வேகம் குறைந்து இறக்கை தூக்குவதை விடும்போது விமானம் என்ன செய்கிறது என்று பார்ப்பது. நல்ல உயரத்தில் மோட்டரைக் குறைத்து எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) மெதுவாக இழுத்தால் ஒவ்வொரு தடவையும் இடது இறக்கைதான் விழுந்தது. மேசையில் வைத்துப் பார்த்தால் அந்த இறக்கை நுனியில் முறுக்கு. நுனியின் பின்விளிம்பை மேலே தூக்கிப் பிடித்து, இறக்கையில் போர்த்திய பிளாஸ்டிக் ஃபிலிமுக்கு அயன் சூடு கொடுத்ததும் நேரானது. இப்போது ஸ்டோலில் மூக்குத்தான் தாழ்கிறது, இறக்கை விழுவதில்லை.

நம்மூர்க் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்கு இழுக்கும். நிலாவெளிக் கரையில் பறக்கவிட்டு மோட்டர் நின்றால், மீன்பிடிக்கப் போனவர்களிடம்தான் விசாரிக்கவேண்டும். காற்று எழும்புமுன், விடியற்காலையில், கரையை விட்டு உள்ளே போய் விடுவதே நல்லது. சீனக்குடாவில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். மற்ற இடமானாலும் அனுமதி விஷயத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாள் போகப்போக விமானத்தைத் தின்றது உப்புக்காற்று. உப்புவெளியில் என் வீடு கடலுக்குக் கிட்ட. தகடுகளை அசைக்கும் தள்ளுகம்பிகள் துருப்பிடித்தன, வயர் முனைகளில் பச்சை பூத்தது. எல்லா ஸ்குரூவையும் ஸ்டெயின்லஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிட்டேன். வெயிலில் ஃபிலிம் தொய்ந்தால் மறுபடி அயன் பிடித்தால் போதும். பற்றரியைப் பறக்காத நாட்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், ஊதிப்போகும்.

பால்சா மரம் நான் விசாரித்த கடைகளில் கிடைக்கவில்லை. வரம்பில் தட்டி முதலில் உடைவது முன்சில்லுப் பகுதியும் ப்ரொப்பெல்லரும்தான். கிட்டை வரவழைக்கும்போதே இரண்டு மெல்லிய பால்சாப் பலகையும் மேலதிக ப்ரொப்பெல்லர்களும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.