இம்பார்ட்டன்ஸா, சிக்னிஃபிகன்ஸா?

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஆங்கிலத்தில் அறிமுகப் பலகைகள் எழுதிக் கொடுத்தேன். 'முக்கியத்துவம்' வருகிற இடத்திலெல்லாம் இம்பார்ட்டன்ஸ் போடுவதா, சிக்னிஃபிகன்ஸ் போடுவதா என்ற கேள்வி வந்தது. பெரும்பாலும் இரண்டாவதைத்தான் போட்டேன்.

இம்பார்ட்டன்ஸ் எல்லாருக்கும் தெரிந்த சொல். ஒன்றைச் செய்யச் சொல்லும்போது அதுதான் சரி. செருப்பைக் கழற்றிவிட்டு வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதி) வருவது முக்கியம் என்றால் இம்பார்ட்டன்ட். அங்கே சிக்னிஃபிகன்ட் ஒட்டாது.

சிக்னிஃபிகன்ஸுக்கு வேர், அடையாளம் என்று பொருள்படும் லத்தீன் சொல். அதனால் ஒன்று எவ்வளவு பெரிது என்பதோடு, அது எதைச் சொல்கிறது என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது. நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான். 'பர்மா தேக்குத் தூண்கள் முக்கியமானவை' என்று இம்பார்ட்டன்ட் போட்டு நிறுத்திவிடலாம். படிப்பவரும் தலையாட்டிவிட்டு இரண்டாம் கட்டுக்குப் போய்விடுவார். தூண்களின் சிக்னிஃபிகன்ஸ் என்று தொடங்கிவிட்டால் அடுத்த வரி எழுதாமல் தீராது: கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களின் பர்மாத் தொடர்பு இந்த மரத்தில் நிற்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, புள்ளி. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. புள்ளிக்கு இம்பார்ட்டன்ஸ் உண்டு என்றால் வெளியூர்க்காரருக்கு என்ன விளங்கும்? அதன் சிக்னிஃபிகன்ஸ் என்ன என்று எழுதினால், அந்தத் தம்பதி கோயிலில் தனியாக எண்ணப்படுகிறது, புள்ளி வரி கொடுக்கும் பொறுப்பும் வந்துவிட்டது என்று விளக்கலாம். இந்த ஒரு பலகைக்காகவே அந்தச் சொல்லை எடுத்திருப்பேன்.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பவர்களும் இதையே புழங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1979-இல் வந்த பர்ரா சாசனம், ஓர் இடத்தின் மதிப்பை 'கல்ச்சுரல் சிக்னிஃபிகன்ஸ்' என்றுதான் பேசுகிறது.

ஒரு எச்சரிக்கை. புள்ளியியலில் சிக்னிஃபிகன்ட் என்றால், வெறும் தற்செயலால் இப்படி ஒரு முடிவு வருவது அரிது என்று அர்த்தம். மிகச் சிறிய வித்தியாசம்கூட அந்தப் பெயரை வாங்கிவிடும். அப்புறம், 'இன்சிக்னிஃபிகன்ட்' வேண்டவே வேண்டாம். ஒருவர் வீட்டைப் பற்றி எழுதும்போது அது துச்சம் என்றே தொனிக்கும்.

நான் எழுதுவது பலகையும் கையேடும்தான். பத்திரம், வழக்கு மனு என்றால் அதில் பழகியவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.