இஞ்சியும் வசாபியும் மீன் புழுவைக் கொல்லாது

டோக்கியோவில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

போன சனிக்கிழமை வீட்டருகே ஒரு மீன் கடையில் கானாங்கெளுத்தி வாங்கினேன். இங்கே சபா என்பார்கள். உப்பிட்டு, வினிகரில் ஊறவைத்து, பச்சையாகவே உண்பார்கள். புழு இருக்குமா என்று கேட்டேன். “காலையில் வந்த மீன். வினிகரிலேயே புழு செத்துவிடும், மிச்சத்தை இஞ்சியும் வசாபியும் பார்த்துக்கொள்ளும்” என்றார் கடைக்காரர். வசாபி என்பது பச்சை மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் காரமான பச்சை விழுது. ஷிசோ என்ற வாசனை இலையும் ஒரு கட்டு விற்றார். வயிற்றுக் கோளாறு என்றாலே இஞ்சிச் சாறு கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். நம்பிவிட்டேன்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டேன். ஒரு மணிக்கு மேல்வயிற்றை முறுக்கிப் பிழிகிற வலி. சற்று விடும், மறுபடி பிடிக்கும். வாந்தி எடுத்தும் அடங்கவில்லை. காலையில் மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டார்கள். இரைப்பைச் சுவரில் தலையைப் புதைத்தபடி ஒரு வெள்ளை நூல் நெளிந்தது. மருத்துவர் அதை இடுக்கியால் பிடுங்கித் தட்டில் போட்டார். இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். வினிகர், உப்பு, இஞ்சி, வசாபி அத்தனையையும் தாண்டி வந்து, தட்டிலும் சுருண்டு சுருண்டு விரிந்தது.

அனிசாகிஸ் என்று பெயர். இரைப்பை அமிலத்திலேயே உயிரோடு இருப்பதை வினிகர் என்ன செய்துவிடும்? செறிவான இஞ்சி, ஷிசோச் சாற்றில் பல மணி நேரம் போட்டுவைத்தால் புழு துவளலாம். தட்டோரம் வைக்கும் ஒரு சிட்டிகைக்கு அந்த வலு கிடையாது. உப்பும் வினிகரும் வசாபியும் இதைக் கொல்லாது என்று ஜப்பான் சுகாதார அமைச்சகமே சொல்கிறது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும், அல்லது நன்றாக வேகவைக்க வேண்டும். வீட்டு ஃபிரீசர் பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டாது.

இன்னொன்று. மீன் செத்த பிறகு குடலிலிருக்கும் புழு சதைக்குள் நகரும். கடைக்காரர் குடலை எடுக்காமலேயே கொடுத்தார், மாலை வரை நானும் அப்படியே வைத்திருந்தேன். பிறகு போய்ப் புழுவின் படத்தைக் காட்டியபோது, “எல்லோரும் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

பச்சை மீன் சாப்பிட்ட இரவில் இப்படி வலித்தால் கஷாயம் போட்டுக் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். நான் அப்படித்தான் விடியும்வரை துடித்தேன். உடனே மருத்துவமனைக்குப் போய், எந்த மீனை எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.