அப்சோர்பர் ரீபில்ட் என்று சொல்லி 1,680 வெள்ளியை வாங்கிக்கொண்டார்கள்

நேற்று மாலை என் வண்டியின் குலுக்கத்தைத் தாங்கும் நான்கு அப்சோர்பர்களையும் திறந்து பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். இரவெல்லாம் தூக்கமில்லை. 1,680 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). மனைவி தையல் காசில் சேர்த்து வைத்திருந்ததும் அதில் இருக்கிறது.

கடைப் பெயரைப் போடவில்லை. திங்கட்கிழமை புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு முன்னால் பெயர் எழுதி அவர்கள் கையில் நாமே ஒரு காரணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று மைத்துனர் சொல்கிறார். வடக்கே ஒரு பெரிய பட்டணத்தின் தொழிற்பேட்டையில் இருக்கும், ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு வேலை செய்யும் கடை. கைப்பேசியில் பொருள் வாங்கி விற்கும் தளம் ஒன்றில் விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கிறார்கள்.

எனக்கு பேராக்கில் சுங்கை சிப்புட். லாசா போகிற வழியில் அப்பா விட்டுப்போன ஆறு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கிறது. மழை பிடித்துவிட்டால் அந்தச் செம்மண் ஏற்றத்தில் ஹைலக்ஸ் பிக்கப் இல்லாமல் ஒரு குலைகூட வெளியே வராது. 2019-இல் 6,400 வெள்ளி கொடுத்து நல்ல அப்சோர்பர் நான்கு மாட்டினேன். ஒற்றைக் குழாய், உள்ளே எண்ணெய் ஒரு பக்கம், நைட்ரஜன் கேஸ் ஒரு பக்கம், நடுவில் ஒரு பிஸ்டன். திறந்து சீல் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம்) மாற்றி, எண்ணெய் மாற்றி, மறுபடி கேஸ் அடைத்து ஓட்டலாம், அதுதான் ரீபில்ட், அதற்காகத்தான் அவ்வளவு விலை கொடுத்தேன். ஆறு வருஷம் உழைத்தது. அப்புறம் பின்பக்கம் இரண்டிலும் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. முன்பக்கம் குழியில் இறங்கினால் கடக் கடக்.

புதிதாக மாற்ற விலை கேட்டேன், 5,800 வெள்ளி. சொந்தமாக யோசித்துப் பார்த்தால் ரீபில்ட் தவறான முடிவே இல்லை. குழாயில் நசுங்கல் இல்லை, உள்ளே போய் வரும் தண்டு வளையவில்லை என்றால் தேய்வது பெரும்பாலும் சீலும் எண்ணெயும்தான். ஆனால் தண்டின் குரோம் பூச்சில் ஊசி குத்தினது போலப் புள்ளி விழுந்திருந்தால், எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அந்தப் புள்ளி அதைக் கீறிவிடும், மறுபடி கசியும். அப்போது தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். தண்டும் போய், குழாயின் உள்சுவரும் கீறியிருந்தால் கணக்கு புது விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஏமாந்ததுதான் வயிறு எரிகிறது.

அந்தக் கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கடைக்குள் போனதும், "வாங்கண்ணே, எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னேன். தன் அப்பாவும் தோட்டத்து லோரி ஓட்டினவர் என்றார். என் அப்பாவும் அதேதான். தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் என் பின்பக்க அப்சோர்பர் ஒன்றைத் துணியில் துடைத்து, தண்டின் மேல் கட்டைவிரலை மேலும் கீழும் ஓட்டிக் காட்டினார். "பாருங்கண்ணே, வழவழன்னு இருக்கு. இதைப் போய் மாத்தச் சொல்றவன் காசுக்குச் சொல்றான். ஒண்ணுக்கு 420, நாலுக்கு 1,680. ஆறு மாசம் வாரண்டி." அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். என் விரலையும் அதே தண்டில் வைத்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. நம்ம ஆள், நம்ம அப்பா மாதிரி ஓர் அப்பாவுக்குப் பிறந்தவர், பொய் சொல்ல மாட்டார் என்று இருந்துவிட்டேன்.

தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேரே கணக்கில் பேங்க் இன் பண்ணுங்கள் என்றார். சரி என்று 1,680-ஐயும் மொத்தமாக அனுப்பினேன். ரசீது கையால் எழுதினது, சாப் (கடை முத்திரை) இல்லை. பத்து நாள் கழித்து வாட்சப்பில் படம் வந்தது. மேசையில் திறந்து வைத்த அப்சோர்பர், பக்கத்தில் புது சீல், புது எண்ணெய் டப்பா. மனைவியிடம் காட்டிச் சந்தோஷப்பட்டேன்.

வண்டியில் மாட்டியதும் முதல் சில நாள் நன்றாகத்தான் இருந்தது. கடக் கடக் சத்தம் இல்லை. இப்போது காரணம் தெரிகிறது: வண்டியோடு போல்ட் போட்டு மாட்டும் வளையத்தில், அந்தக் கண் பகுதியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். சத்தம் புஷ்ஷில் இருந்து வந்தது, அது நின்றுபோனதும் எல்லாம் சரியாகிவிட்டதாக நான் நம்பினேன். இரண்டாவது வாரம், குலை ஏற்றிக்கொண்டு ஈரத்தில் இறக்கத்தில் வருகிறேன், பின்பக்கம் குதிக்கிறது. ஒரு குழிக்கு மூன்று நான்கு குதி. வளைவில் பின்சக்கரம் தரையை விட்டுவிட்டு வண்டி பக்கவாட்டில் வாய்க்கால் பக்கம் நழுவியது. பக்கத்து இருக்கையில் பதினோரு வயது மகன். ஒரு முழம் இடைவெளியில் நின்றது. இறங்கிப் பார்த்தால் பின்பக்க அப்சோர்பர் இரண்டும் எண்ணெயில் நனைந்திருக்கின்றன.

போன் பண்ணினேன். "கேஸ் செட்டாக ஒரு வாரம் ஆகும்ணே" என்றார். அப்படி ஒன்று கிடையாது. கேஸ் அடைத்தால் அடைத்ததுதான். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டால் வேறு ஒரு பையன் எடுத்து, பாஸ் வெளியே போயிருக்கிறார் என்கிறான். மறுநாளும் வெளியே. அதற்கடுத்த நாள் பாஸ் பேசினார்: "நீங்க ஓவர்லோட் ஏத்தியிருப்பீங்க." அப்புறம், வாரண்டி வேலைக்குத்தான், சீலுக்கு இல்லை என்றார். அந்த வேலையே சீல் மாற்றுவதுதானே என்று கேட்டேன். "பிஸியா இருக்கேண்ணே, அப்புறம் பேசறேன்." நேரில் போனேன். கடை திறந்திருக்கிறது, அவர் வண்டி வாசலில் நிற்கிறது, ஆள் இல்லை என்கிறார்கள். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். அன்று இரவோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தளத்துக்கு எழுதினேன், பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று இரண்டு வரியில் பதில். அந்தக் கடைக்காரர்தான் முதல் நாளில் "வாங்கண்ணே" என்றவர்.

நேற்று ஈப்போவில் அப்சோர்பர் வேலை மட்டும் செய்யும் சீன அங்கிள் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒன்றைப் பெஞ்சில் வைத்து, தண்டைக் கையால் உள்ளே தள்ளினார். கேஸ் இருந்தால் அது தானாக வெளியே வர வேண்டும். அப்படியே கிடந்தது. வால்வை அழுத்தினார், பேருக்கு ஒரு புஸ். என் வகைக்கு 200 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்க வேண்டுமாம். மூடியைச் சுற்றிக் காட்டினார்: மூடியும் குழாயும் சேரும் கோட்டின் மேல் புதுப் பெயின்ட், அதற்கு அடியில் இருக்கும் பழைய பூச்சு உடையவே இல்லை. "இனி தாக் பெர்னா புக்கா லா," என்று மலாயில் சொன்னார். திறக்கவே இல்லை. அவர் திறந்தபோது வந்த எண்ணெய் கோப்பி ஓ மாதிரி கறுப்பு, அதுவும் பாதி அளவுதான். சீல் பழையது, நகம் பட்டால் பிளாஸ்டிக் போலக் கெட்டி. தண்டை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார், சீல் ஓடும் இடத்தில் புள்ளி புள்ளியாகக் குரோம் போயிருக்கிறது. வழவழவென்று இருக்கிறது என்று கட்டைவிரலை ஓட்டிக் காட்டினாரே, அதே தண்டு.

வாட்சப் படத்தை அப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அது என்னுடையதே இல்லை. என்னுடையதில் கீழ்க்கண் பக்கம் கல் பட்ட வெட்டுத் தழும்பு இருக்கிறது. படத்தில் இல்லை.

ஆக 1,680 வெள்ளிக்கு எனக்குக் கிடைத்தது கழுவல், கறுப்புப் பெயின்ட், புது ரப்பர் புஷ்.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தண்டில் உங்கள் விரலை வையுங்கள், அவர்களுடையதை நம்பாதீர்கள். கழற்றிய பழைய சீலைக் கேட்டு வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் குழாயில் நீங்களே ஒரு அடையாளம் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். வண்டியோடு வரும் கம்பெனி அப்சோர்பர் பெரும்பாலும் திறக்க முடியாதபடி அடைத்தது, அதில் துளை போட்டு எண்ணெய் ஊற்றி வெல்டிங் பண்ணித் தருகிறேன் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், உள்ளே கேஸ் இருக்கலாம், வெடிக்கலாம். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். சாப் இல்லாத ரசீது வேண்டவே வேண்டாம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். பேங்க் இன் பண்ணின சீட்டு, வாட்சப் பேச்சு, அந்தப் படம், அங்கிள் திறக்கும்போது எடுத்த வீடியோ எல்லாம் வைத்திருக்கிறேன். இந்த மாதிரி ஆளிடம் கொடுத்து ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து போகலாம்.

தண்டு நான்கும் மாற்ற வேண்டும் என்கிறார் அங்கிள். விலை நாளைக்குச் சொல்வார். அதுவரை குலை மரத்தடியிலேயே கிடக்கிறது.