கயிறா, முள்ளா, அம்பா? வடக்கத்து ஆறுகளில் கார் மீன் பிடிக்கும் கோடைக்காலம்

ஜூலை மாத நண்பகலில் கனடாவின் ஒட்டாவா ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். விடியற்காலையில் பாஸ் மீன் தேடி வந்தவர்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நிழலுக்குப் போயிருப்பார்கள். நான் கிளம்புவது அப்போதுதான். காற்று அடங்கிய வளைவுகளில், முழங்கால் ஆழத்துக்குச் சற்றே கூடுதலான நீரில், பச்சையும் பழுப்புமாக ஒரு கழி மிதந்து மேலே வரும். 'பளக்' என்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி இறங்கும். அதுதான் நீள்மூக்குக் கார் மீன்.

இந்த மீனின் காற்றுப்பையில் ரத்த நாளங்கள் பின்னியிருக்கின்றன; அது பாதி நுரையீரல். வெயில் ஏற ஏற நீரில் உயிர்வளி குறையும், மீனின் தேவையோ கூடும். அதனால் காற்றுக்காக அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். மற்ற மீன்கள் ஆழத்துக்கு ஒதுங்கும் நேரத்தில் இது கண்ணெதிரே வருவதற்குக் காரணம் அதுதான். நம் கடற்கரைச் சந்தைகளில் முரல் பார்த்தவர்களுக்கு இதுவும் அந்த இனம்தானோ என்று தோன்றும். மூக்கு மட்டும்தான் ஒற்றுமை, உறவு கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'கார்' என்றால் ஈட்டி. அந்தப் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு மீன்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

மீனைக் காண்பது எளிது, பிடிப்பதுதான் பாடு. அதன் மூக்கு, தலையின் மீதிப் பகுதியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். அது முழுக்க எலும்பு. தூண்டில் முள் ஏறுவதற்குச் சதை இல்லை. கடித்தது தெரிந்து சுண்டினால், நூற்றுக்கணக்கான ஊசிப் பற்களின் நடுவே முள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இந்த வாய்க்கு விடை தேடித்தான் மூன்று வழிகள் உண்டாயின.

நைலான் கயிறு

முதல் வழியில் முள்ளே இல்லை. விரல் பருமனுள்ள வெள்ளை நைலான் கயிற்றில் ஒரு சாண் வெட்டி, ஒரு நுனியை இறுகக் கட்டி வளையம் வைத்து, மீதியைப் பழைய சீப்பால் இழை இழையாகப் பிரித்துவிடுவார்கள். நீரில் இழுத்தால் சின்ன மீன் போலவே நெளியும். மீனின் தலைக்கு மேல் வீசக் கூடாது, மிரண்டுவிடும். அதற்கு அப்பால் வீசி, மூக்கின் பக்கவாட்டை உரசுகிற மாதிரி மெல்ல இழுக்க வேண்டும். கார் மீன் நேராகப் பாய்ந்து கடிப்பதில்லை. தலையைப் பக்கவாட்டில் வெட்டித் திருப்பி இரையைக் கவ்வும்.

கவ்வியதும் சுண்டத் துடிக்கும் கையை அடக்குவதுதான் பழக வேண்டிய பாடம். தூண்டில் நரம்பைத் தளரவிடாமல் பிடித்திருந்தால் போதும். மீனே தலையை உதறி உதறி இழைகளைப் பற்களில் சுற்றிக்கொள்ளும். தெளிந்த நீரில், மீனைக் கண்ணால் பார்த்து வீசும் இடங்களில், இதற்கு ஈடான வழி இல்லை என்பது என் முடிவு.

கரையருகே வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. சென்ற கோடையில் ஒரு பெண் மீன், என் இடுப்புயரம் இருக்கும், மேல்தாடை கீழ்த்தாடை இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தது. தடித்த கையுறையோடு தலைக்குப் பின்னால் பிடித்து, உடலை நீரிலேயே விட்டு, தாடைக்கு நடுவே ஒரு சிறு குச்சியைக் கொடுத்தேன். பிறகு நீண்ட மூக்குள்ள குறடால் ஒவ்வோர் இழையாகப் பல்லின் அடியிலிருந்து உருவினேன். குறடு செதிலில் பட்டபோதெல்லாம் ஓட்டில் தட்டிய ஓசை கேட்டது. அந்தச் சாய்சதுரச் செதில்கள் அவ்வளவு கடினம். அமெரிக்கப் பூர்வகுடிகள் அவற்றை அம்பு முனையாகவே வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஆனது. இடையில் மீன் இரண்டு முறை தலையை உயர்த்திக் காற்று குடித்தது. வேறு மீனாக இருந்தால் அவ்வளவு நேரம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஓர் இழைக்கொத்தை விட்டுவிட்டாலும் தாடை திறக்காமல் போகலாம். நரம்பு அறுந்து மீன் கயிற்றோடு போனால் நிலைமை இன்னும் மோசம். நைலான் மக்காது, வாய் கட்டுண்ட மீன் பட்டினியில் சாகும். முள் இல்லாததால் இது கருணையான முறை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. தடித்த நரம்பு, அதன் நுனியில் எஃகுக் கம்பி, குறடு, கையுறை, பொறுமை இவை ஐந்தும் இருந்தால்தான் கயிற்றைக் கையில் எடுக்கலாம்.

மும்முனை முள்ளும் இரையும்

நீர் கலங்கியிருந்தால் கயிறு பயன்படாது. அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி போன்ற ஆறுகளில் மழைக்குப் பின் மீன் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் கயிறு தெரியாது. அங்கே தக்கையின் கீழே செத்த சிறுமீனையோ மீன் துண்டையோ தொங்கவிடுவதே வழி. வாசனை பிடித்து வரும்.

இதில் நேரம் பார்ப்பதுதான் சிக்கல். கார் மீன் இரையைக் குறுக்கே கவ்வி, கொஞ்ச தூரம் எடுத்துப்போய், திருப்பி வைத்துத்தான் விழுங்கும். தக்கை நகர்ந்ததும் இழுத்தால் வெறும் முள் திரும்பி வரும். விழுங்கட்டும் என்று காத்திருப்பது பழைய வழக்கம். அப்போது முள் குடலில் ஏறும், மீனை விட்டாலும் பிழைக்காது. இரையின் பக்கவாட்டிலேயே சிறிய, கூர்மையான மும்முனை முள்ளைப் பொருத்தி, மீன் நகரத் தொடங்கியதும் இழுப்பது நல்லது. பாதி மீன்களாவது தப்பும். அந்த இழப்பை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன்.

எங்கள் ஒட்டாவா ஆற்றுக்கு இன்னொரு கட்டு உண்டு. நடுவே ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களின் எல்லை ஓடுகிறது. கியூபெக்கில் உயிருள்ள மீனை இரையாக வைப்பதற்கு 2017 முதல் தடை. அந்தக் கரைக்கு அருகே, இரை பற்றிய கேள்வியே எழாத கயிறுதான் தொல்லை இல்லாதது.

வில்லும் அம்பும்

அமெரிக்க மாநிலங்களான விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் இரவில் விளக்குப் படகில் போய்க் கார் மீனை அம்பெய்து பிடிக்கிறார்கள். குறி வைக்கத் திறமை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அம்பு பட்டதைத் திருப்பி விட முடியாது. 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய மீன் இது. பெரிதாக இருப்பவை பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள். இறைச்சி உண்ணத் தகுந்ததுதான், முட்டை மனிதருக்கு நஞ்சு. சமைப்பதற்காக ஒன்றை எடுப்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. குவியலாகக் கொன்று கரையில் வீசிவிட்டுப் போவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குப்பை மீன் என்று பலகாலம் ஒதுக்கப்பட்ட இந்தப் பூர்விக இனங்களை, மினசோட்டா 2024-இல்தான் கெண்டை போன்ற வந்தேறி மீன்களிலிருந்து சட்டத்தில் பிரித்து வைத்தது.

புதிதாகத் தொடங்குபவர் கேட்டால், முதல் கோடைக்கு முள்ளைத்தான் சொல்வேன்; மீனைக் கையாளப் பழகிய பிறகு கயிறு. ஈரி ஏரியின் கரையோரச் சதுப்புகளில் மட்டும் இரண்டுமே வேண்டாம். அங்கே புள்ளிக் கார் என்ற, அருகிவரும் இன்னொரு கார் இனமும் இருக்கிறது. அது கனடாவின் சட்டப் பாதுகாப்பில் உள்ளது. தலையிலும் மூக்கிலும் கரும்புள்ளிகள் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, அது மேலே வந்து காற்றுக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.