கப்பல் டூர் பேக்கேஜ் எடுப்பவர்கள் கடைசி நாளைப் பற்றித் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்வந்தோம். அப்பா, அம்மா, நான், மனைவி, பையன் என்று ஐந்து பேர். கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் விளைந்த மஞ்சளை விற்ற பணம் அது. இரண்டு நாள் ஊர் சுற்றல், மூன்று இரவு உல்லாசக் கப்பல். கப்பலில் ஒரு குறையும் இல்லை. சிங்கப்பூரில் இறங்கிய பிறகுதான் எல்லாமே கெட்டது.

ஈரோட்டில் தெரிந்தவர் சொன்ன ஒரு டிராவல்ஸில் பதிவு செய்தோம். கடைசி நாள் எப்படி என்று அப்பா குறிப்பாகக் கேட்டார். "கவலையே வேண்டாமுங்க. கப்பலை விட்டு எறங்குனீங்கன்னா பேரெழுதுன போர்டு வெச்சுட்டு நம்மாளு நிப்பானுங்க. ஏர்போர்ட்ல கொண்டுபோயி உட்ருவானுங்க" என்றார் டிராவல்ஸ்காரர். நம்ம ஊர் ஆள், வாய் நிறைய 'ங்க' போட்டுப் பேசுகிறார், நம்பினோம். சிங்கப்பூரிலிருந்து கோவைக்கே நேர் விமானம் இருந்தும், விலை குறைவு என்று சென்னை வழியாகக் காலை 11.05க்கு டிக்கெட் போட்டிருந்தார். கப்பல் காலையிலேயே வந்துவிடும், நேரம் தாராளம் என்றார்.

கப்பல் கரைக்கு வருவது வேறு, நாம் வெளியே வருவது வேறு. இது எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தின இரவே பெட்டிகளில் கலர் டேக் கட்டி அறை வாசலில் வைத்துவிடச் சொல்கிறார்கள். காலையில் டேக் கலர்படி குழுவாகக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால்தான் இறங்கலாம். கீழே ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே நம்முடையதைத் தேட வேண்டும், இமிகிரேஷன் வரிசை வேறு. அம்மாவின் சர்க்கரை மாத்திரை பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. காலை மாத்திரை போடாமல், சாப்பிடவும் பயந்து உட்கார்ந்திருந்தார். மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள்.

வெளியே வரும்போது 9.20. போர்டோடு ஒருவரும் இல்லை. கால்மணி நேரம் ஒவ்வொரு வாசலாக ஓடினேன். டிராவல்ஸுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது, ஈரோட்டில் அப்போதுதான் ஏழு மணி. அவர் கொடுத்த சிங்கப்பூர் நம்பர் உபயோகத்திலேயே இல்லை.

அப்போது ஒருவர் தமிழில் பேசிக்கொண்டு வந்தார். "ஊருக்குப் போறீங்களா? அஞ்சு பேர், இத்தனை பெட்டி, ஒரு டாக்ஸியில ஏத்த மாட்டாங்க. என்கிட்ட வேன் இருக்கு, நூத்தறுபது டாலர்." நம் காசுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். பதற்றத்தில் ஒத்துக்கொண்டேன். ஏறி உட்கார்ந்த பிறகு, இன்னும் இரண்டு பேர் வரணும் என்று பத்து நிமிஷம் நிறுத்தினார். சாங்கி விமான நிலைய கவுண்டருக்குப் போனபோது மணி 10.25. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் மூடிவிட்டார்கள். எவ்வளவு கெஞ்சியும் முடியவில்லை. கோவைக்கு ஐந்து புது டிக்கெட், கிட்டத்தட்ட தொண்ணூறாயிரம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கார்டைத் தேய்க்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பல் முனைய வாசலிலேயே மீட்டர் டாக்ஸி வரிசை இருக்கிறது. அங்கே டாக்ஸிகள் மீட்டர்படிதான் ஓடும். மரீனா பே கப்பல் முனையத்திலிருந்து சாங்கி ஏறக்குறைய அரைமணி நேரம். இரண்டு டாக்ஸி எடுத்திருந்தாலும் நான் கொடுத்ததில் பாதிகூட ஆகியிருக்காது. வாசலில் நின்று ஆள் பிடிப்பது அங்கே சட்டப்படி குற்றம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பெட்டி குறைவாக, நேரம் நிறைய இருந்தால் பக்கத்திலேயே மரீனா சவுத் பியர் ரயில் நிலையம் உண்டு. இரண்டு இடத்தில் மாறி விமான நிலையத்துக்கே போகலாம். ஆனால் ஹார்பர்ஃப்ரன்ட் பக்கம் இன்னொரு கப்பல் முனையமும் இருக்கிறது, உங்கள் கப்பல் எங்கே வருகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை நாமே தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கவும் கப்பலில் வழி உண்டு, முந்தின நாள் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்கு வந்ததும் டிராவல்ஸில் போய் நின்றேன். அவர் எடுத்துக் காட்டியது நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் கடைசிப் பக்கம். 'டிரான்ஸ்ஃபர் டு ஏர்போர்ட் ஆன் யுவர் ஓன்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதாவது, சொந்தச் செலவில் நாங்களே போய்க்கொள்ள வேண்டும். வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருப்பது இன்னொன்று. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் நாள் ஏர்போர்ட் பிக்கப்புக்கு எஸ்.ஐ.சி. என்று போட்டிருந்தார்களே, அதையும் தனி வண்டி என்றுதான் சொன்னார்கள். அது 'சீட் இன் கோச்', அதாவது பல பேரைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும் டூர் பஸ். 11.05 டிக்கெட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "கப்பல் லேட்டானா நாங்க என்னங்க பண்றது" என்றார். கப்பல் லேட்டாகவே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அவர் வாயால் சொன்னதற்கு என்னிடம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்கூட இல்லை என்பதுதான் வக்கீலின் கவலை. நீங்கள் பேசியதை அன்றைக்கே மெசேஜாக அனுப்பி, 'ஆமாம்' என்று பதில் வாங்கி வையுங்கள்.

மே மாத லீவுக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றைக்கே அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கப்பலை விட்டு இறங்கும் நாளில் மதியத்துக்கு முன் விமானம் போட்டிருந்தால், இப்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள்.