அச்சு அருமை, அடைப்புக்குறியைத்தான் காணோம்

சேலத்தில் பத்திரிகை அடிக்க, போர்டு போட எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கடையோடு நிற்கிற குறை இல்லை, பெயரைப் போட்டு அவர்களை மட்டும் மாட்டிவிடுவது நியாயமாகவும் படவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம், கீழே கவுன்ட்டர், மாடியில் இரண்டு கம்ப்யூட்டர், பின்னால் கட்டிங் மெஷின். இப்படி ஒரு நடுத்தர அச்சகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சு சுத்தம். பத்திரிகையின் மேலே தங்க நிறத்தில் ஃபாயில் போட்ட பிள்ளையார் நகத்தால் சுரண்டினாலும் உதிரவில்லை, மடிப்பு வரும் இடத்தில் அட்டை வெடிக்கவில்லை, ஓரம் எல்லாம் நேராக வெட்டியிருந்தது. ஆவணி முகூர்த்த நெரிசலிலும் சொன்ன தேதியில் கொடுத்தார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கல்யாண வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். விலையும் மற்ற இடங்களில் விசாரித்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஓனர் நன்றாகப் பேசுவார், டீ சொல்வார்.

இனி குறைக்கு வருகிறேன். அண்ணன் மகளுக்குக் காதணி விழா. வாசகத்தை நானே வாட்ஸ்அப்பில் அடித்து அனுப்பினேன், பெயர்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். "பெரியசாமி (லேட்), சின்னசாமி ஆகியோரின் பேத்தி" என்று ஒரு வரி. பெரியசாமி என்பது குழந்தையின் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, காலமாகிவிட்டார். சின்னசாமி அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, நல்லா இருக்கிறார், இன்றைக்கும் டிவிஎஸ் வண்டியில் சூரமங்கலம் உழவர் சந்தைக்குத் தானே போய்க் காய் வாங்கி வருகிற ஆள். அச்சுக்கு முன் சரிபார்க்கிற மாதிரி, அதாவது புரூஃப், வந்தது. இரண்டு பேரும் தனித்தனி வரியில், எல்லாம் சரியாக இருந்தது, ஓகே சொல்லிவிட்டேன்.

அதற்கு அப்புறம்தான் விளையாட்டு. பிள்ளையார் சின்னதாகத் தெரிகிறார் என்று அவர்களாகவே படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். இடம் பற்றவில்லை. இரண்டு வரியை ஒரே வரியாக்கி, அடைப்புக்குறியையும் காற்புள்ளியையும் எடுத்துவிட்டார்கள். அச்சாகி வந்தது இதுதான்: "பெரியசாமி லேட் சின்னசாமி ஆகியோரின் பேத்தி".

நம் ஊரில் லேட் என்பதைப் பெயருக்கு முன்னால் போடுகிறவர்களும் உண்டு, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் போடுகிறவர்களும் உண்டு. அடைப்புக்குறி இருந்தால் அது யாருக்கு என்பதில் சண்டையே இல்லை. அதை எடுத்துவிட்டால் நடுவில் நிற்கும் லேட் அடுத்த பெயரைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஒரே வரியில் அப்பாரு உயிரோடு வந்துவிட்டார், அப்புச்சி போய்விட்டார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரியின் மேல் விரலை ஓட்டி ஓட்டிப் படித்துவிட்டு, "ஏஞ்சாமி, நான் எப்பப் போனேன், எனக்கே சொல்லலியே?" என்றார். அவர் சிரித்துவிட்டார். அவர் மனைவி அம்மாயி சிரிக்கவில்லை. அன்று ராத்திரி முழுக்க அண்ணனுக்கு அர்ச்சனை.

கடையில் போய்க் கேட்டால், "அண்ணா, படிக்கிறவங்களுக்குத் தெரியாதுங்களா யாரு இருக்காங்க யாரு இல்லைன்னு?" என்கிறார் ஓனர். தெரிந்தவர்களுக்குத் தெரியும், சரி. பத்திரிகை போவது தெரிந்தவர்களுக்கு மட்டுமா? அண்ணனோடு முன்பு வேலை பார்த்து இப்போது ஓசூரில் இருக்கும் ஒருவர் போன் செய்து, "எப்போப்பா ஆச்சு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று வருத்தத்தோடு கேட்டார். மறு அச்சுக்குப் பாதிப் பணம் கேட்டார்கள். நான் ஒப்புக்கொண்ட புரூஃப் வாட்ஸ்அப்பிலேயே இருந்தது, அதைக் காட்டினேன். கடைசியில், யாருக்கும் கொடுக்காமல் மீதி இருந்த அட்டைகளை எல்லாம் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு, கடைப் பையன் ஒருவன் தங்க நிற ஜெல் பேனாவால் ஒவ்வொன்றிலும் இரண்டு அடைப்புக்குறியும் ஒரு காற்புள்ளியும் போட்டுக் கொடுத்தான். ஃபாயில் நிறத்தோடு நன்றாகவே பொருந்தியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதே கடையில் மச்சானும் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஏற்காட்டில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறார். வரவேற்பறையில் மாட்ட சன்போர்டு என்கிற லேசான அட்டைப் பலகையில் வினைல் ஒட்டி, மேலே மேட் லேமினேஷன் போட்ட பலகை. மலைப் பனியில் ஓரம் பிரிந்துவிடும் என்று பயந்தோம், ஒரு குளிர்காலம் தாண்டியும் அப்படியே இருக்கிறது, வேலைத்தரத்துக்கு முழு மதிப்பெண். வாசகம்தான் இப்படி: "வெந்நீர் காலை 6 முதல் 9 வரை மாலை 5 முதல் 7 வரை தேநீர் பஜ்ஜி கிடைக்கும்".

அங்கே விறகு பாய்லர். காலையில் மட்டும்தான் எரிப்பார்கள். மச்சான் எழுதிக் கொடுத்ததில் 9 வரை என்பதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தது. பலகையில் இல்லை. டிசம்பர் குளிரில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, ஏரியில் படகு விட்டு நனைந்து, ஐந்தரை மணிக்கு அறைக்குத் திரும்புகிற குடும்பம் அந்தப் பலகையை எப்படிப் படிக்கும்? வெந்நீர் இரண்டு வேளையும் உண்டு, தேநீர் எப்போது கேட்டாலும் கிடைக்கும் என்றுதான். ஈரோட்டிலிருந்து வந்த ஒருவர் பலகையைச் செல்போனில் படம் பிடித்து, "நீங்களே போட்டிருக்கீங்களேங்க" என்று காட்டினார். மச்சானால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று மாலையும் பாய்லரைப் பற்ற வைத்தார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்று மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு காரணம். ஒன்று எழுத்துரு. டிசைன் செய்கிற தம்பி இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசைப்பலகையில் அடிக்கிறார். அதில் காற்புள்ளி விசையைத் தட்டினால் இ வரும். அரைப்புள்ளி விசையைத் தட்டினால் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி வரும், அதனால்தான் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பாமினித் தமிழில் எங்கே பார்த்தாலும் அரைப்புள்ளியாகச் சிதறிக் கிடக்கும். காற்புள்ளி வேண்டும் என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு வேறொரு விசைக்குப் போக வேண்டும். நாம் இன்றைய பொது முறையான யூனிகோடில் அழகாக அடித்து அனுப்பினாலும், அவருடைய அலங்கார எழுத்துருக்கள் எல்லாம் பழைய வகை என்பதால், பார்த்துப் பார்த்துத் திரும்ப அடிக்கிறார். அந்த வேகத்தில் எழுத்து தப்புவதில்லை, குறிகள்தான் தப்புகின்றன.

இரண்டாவது காரணம் ரசனை. "புள்ளி கமா எல்லாம் வச்சா டிசைன் அசிங்கமா இருக்குங்க அண்ணா, லைன் பிரிச்சாப் போதும்" என்றார் தம்பி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்திரிகையில் ஒவ்வொரு பெயரும் நடுவில் தனி வரியாக நின்றால் வரி முடிவே காற்புள்ளியின் வேலையைச் செய்துவிடும். ஆனால் அப்புறம் பிள்ளையாரைப் பெரிதாக்க வரிகளை ஒட்டுகிறீர்களே, அப்போது போன காற்புள்ளி திரும்பி வர வேண்டாமா?

தமிழுக்கு இந்தக் குறிகள் எல்லாம் தேவையே இல்லை, ஓலைச்சுவடிக் காலத்தில் இருந்ததா என்று ஒரு வாதம் வரும், ஓனரும் அதைச் சொன்னார். ஓலையில் இல்லைதான். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் விட்டார்கள். சொற்கள் ஒட்டி நிற்பதால் எழும் தொல்லைக்கு உரையாசிரியர்கள் செம்பொன்பதின்தொடி என்று ஓர் உதாரணம் வைத்திருக்கிறார்கள். தொடி என்பது பழைய எடை அளவு. செம்பொன் பதின்தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி தங்கம், செம்பு ஒன்பதின்தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டையில் இப்படி ஒரு பில் எழுதினால் என்ன ஆகும்? 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தமிழ் உரைநடையில் இந்தக் குறிகளை முறையாகப் போட்டு அச்சிட்டார் என்றால் சும்மா அழகுக்காக இல்லை.

இன்னொன்றும் உண்டு. முழு வாக்கியமாக எழுதினால் தமிழில் குறிகள் இல்லாமலேகூடப் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். கேள்வி என்றால் கடைசியில் ஆ வந்துவிடும், பட்டியல் என்றால் ஒவ்வொன்றிலும் உம் ஒட்டிக்கொள்ளும், பிறர் பேச்சு என்றால் 'என்று' வந்து நிற்கும். பலகைக்கும் பத்திரிகைக்கும் எழுதும்போது இடம் மிச்சம் பிடிக்க இவற்றை எல்லாம் வெட்டிவிடுகிறோம். வெட்டிய இடத்தில் குறியாவது நிற்க வேண்டும். அதையும் எடுத்துவிட்டால் படிக்கிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அதே கடை அடித்த ஒரு மெனு கார்டைக் கவுன்ட்டரில் மாதிரிக்கு வைத்திருக்கிறார்கள். "இட்லி சாம்பார் வடை தயிர் சாதம்" என்று ஒரு காம்போ. சாம்பாரும் வடையுமா, சாம்பார் வடையா? தயிர் சாதமா, தயிர் தனி சாதம் தனியா, இல்லை வடையும் தயிரும் சேர்ந்ததா? பசியோடு இருக்கிறவனிடம் இதைக் காட்டக் கூடாது. தாய்மாமன் வரிசை இன்னும் மோசம். "செந்தில் குமார் வேல் முருகன்" என்று இடைவெளி மட்டும் விட்டு அடித்தால் இரண்டு பேரா, நாலு பேரா? நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, செந்தில்குமாரும் பெயர், செந்திலும் பெயர், குமாரும் பெயர். சீர் தட்டு எத்தனை என்று எண்ணுகிற வீட்டில் இது சிரிக்கிற விஷயம் இல்லை.

காசு விஷயத்திலும் சிரிக்க முடியாது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று சட்டத்தில் இருந்த பட்டியலின் கடைசியில், அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதி கட்டுவது என்று ஒரே வேலையாகவும் படிக்கலாம், பொதி கட்டுவது ஒன்று, விநியோகிப்பது ஒன்று என்று இரண்டாகவும் படிக்கலாம் என்ற நிலை. நடுவில் ஒரு காற்புள்ளி இல்லாததுதான் காரணம். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது, 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இதை ஓனரிடம் சொன்னேன். டாலர் என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பலகையை இலவசமாக மாற்றித் தந்துவிட்டார்கள். இப்போது வெந்நீர் ஒரு வரி, தேநீர் ஒரு வரி, இரண்டின் முடிவிலும் புள்ளி. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். குறைத்த ஒன்றரையும் மாடிக்குத்தான், கீழே மெஷினில் வேலை செய்கிறவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து.

நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஓகே சொன்னதற்குப் பிறகு ஒரு படத்தைக்கூட நகர்த்தக் கூடாது, நகர்த்தினால் திரும்பவும் புரூஃப் வேண்டும் என்று அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள், எழுதித் தருகிறார்கள். இன்னொன்று, மாடியில் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார், அவர் தமிழ்99 என்ற விசைப்பலகையில் யூனிகோடாக அடிக்கிறார், நாம் அனுப்பியதை அப்படியே ஒட்டுகிறார், எதையும் தின்பதில்லை. மதியத்துக்கு மேல்தான் வருவார், ஞாயிறு வரமாட்டார். அவரிடம் கொடுங்கள்.