முதல் நிரல்மொழி எது: பைத்தானா, சி-யா, ஜாவாஸ்கிரிப்டா?

நிரலாக்கம் கற்க முனைபவருக்கு எந்த மொழியைப் பரிந்துரைப்பது என்ற விவாதம் பெரும்பாலும் வேலைவாய்ப்பையும் இயங்கும் வேகத்தையும் சுற்றியே நடக்கிறது. ஆனால் தொடக்கநிலையில் ஒருவர் நிரல் எழுதச் செலவிடும் நேரத்தைவிட, எழுதியது ஏன் ஓடவில்லை என்று தேடச் செலவிடும் நேரமே அதிகம். எனவே பிழை நேரும்போது ஒரு மொழி கற்பவருக்கு என்ன சொல்கிறது என்பதையே முதன்மை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன்.

ஐந்து மதிப்பெண்களைக் கூட்டும் சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். மூன்று மொழிகளிலும் பட்டியலின் முதல் உறுப்பு 0 என்ற இடத்திலும், கடைசி உறுப்பு 4 என்ற இடத்திலும் இருக்கும். புதிதாகக் கற்பவர் லூப்பை, அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப இயக்கும் பகுதியை, 5 என்ற இடம் வரை ஓட விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. பைத்தான் அந்த இடத்திலேயே நின்று, வரி எண்ணைக் காட்டி, 'லிஸ்ட் இன்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்', அதாவது கேட்ட இடம் பட்டியலின் எல்லைக்கு வெளியே உள்ளது, என்று அறிவித்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிற்பதில்லை; இல்லாத உறுப்புக்கு 'அன்டிஃபைன்டு' (வரையறுக்கப்படாதது) என்ற மதிப்பைத் தர, அதைக் கூட்டியதும் மொத்தத் தொகையே 'நேன்', அதாவது எண் அல்ல, என்றாகிவிடும். தவறு நடந்தது தெரிகிறது, எங்கே நடந்தது என்பது தெரிவதில்லை. சி மொழியிலோ இத்தகைய அணுகலின் விளைவு வரையறுக்கப்படவே இல்லை. பக்கத்து நினைவக இடத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண் கூட்டப்படலாம், நிரல் திடீரென நின்றுபோகலாம், அந்த இடத்தில் தற்செயலாக 0 இருந்தால் விடை சரியாகவே வந்து கற்பவரை ஏமாற்றவும் செய்யலாம்.

எண்களைக் கையாள்வதிலும் இதே வேறுபாடு உண்டு. 1 முதல் 13 வரையுள்ள எண்களின் பெருக்குத்தொகை 6227020800. சி-யில் முழு எண்களுக்கான வழக்கமான 32 பிட் 'இன்ட்' வகை 2147483647 வரைதான் கொள்ளும் என்பதால், பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் இன்றித் தவறான விடை கிடைக்கும். பைத்தான் முழு எண்கள் நினைவகம் இடம் தரும் வரை வளரும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் 9007199254740991 வரை துல்லியமானவை. தொடக்கநிலைக்கு அது போதும்.

இதனால் சி தாழ்ந்த மொழி என்று ஆகிவிடாது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்ச்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய அம்மொழி, நினைவகம் எப்படி ஒதுக்கப்படுகிறது, முகவரி என்பது என்ன என்பவற்றை ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. இன்று பரவலாகப் பயன்படும், பைத்தான் நிரல்களை இயக்கும் இன்டர்பிரெட்டரே சி-யில் எழுதப்பட்டதுதான். ஜாவாஸ்கிரிப்டுக்கு வேறொரு வலிமை இருக்கிறது. 1995-இல் வெளிவந்தது முதல் பிரவுசருக்குள்ளேயே வாழ்வதால், எதையும் நிறுவாமல் எழுதத் தொடங்கலாம், ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் ஏதாவது மாறுவதை உடனே பார்க்கலாம். அந்த மகிழ்ச்சி கற்பவரைத் தொடர வைக்கும் என்பதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சிறுவர்களுக்கு இம்மூன்றுமே வேண்டியதில்லை. கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கும் ஸ்க்ராட்ச் போதுமானது.

1991-இல் கைடோ வான் ராஸம் வெளியிட்ட பைத்தானிலும் குறை உண்டு. மாறியின் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரின்) வகையை முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லாததால், எண்ணையும் எழுத்துச்சரத்தையும் கூட்ட முயலும் தவறு அந்த வரி ஓடும்போதுதான் வெளிப்படும். ஆயினும் வெளிப்படும்போது தெளிவாக வெளிப்படுகிறது. ஆகவே பைத்தானில் தொடங்கி, லூப், ஃபங்ஷன், பட்டியல் ஆகியவை கைவந்த பின் சி-க்குச் செல்வதையே பரிந்துரைப்பேன். இணையப் பக்கம் அமைப்பதே நோக்கம் என்பவர் மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் தொடங்கலாம். சி-க்குச் செல்பவர், நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரின் எச்சரிக்கைகளை முழுமையாக இயக்கி வைத்துக்கொள்வதோடு, ஜிசிசி, கிளாங் ஆகிய இரு சி கம்பைலர்களிலும் உள்ள, நினைவக எல்லை மீறலைக் கண்டறியும் அட்ரஸ் சானிட்டைசரையும் சேர்த்துக்கொண்டால், எல்லை மீறிய அந்த ஆறாவது உறுப்பை அங்கேயும் கண்டுபிடித்துவிடலாம்.